திறக்கப்போகும் குழாய்க்குள் என்ன இருக்கிறது? ஒப்பந்தப் பராமரிப்புத் தொழிலாளர் பாதுகாப்பு: ஓர் அறிமுகம்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், ரசாயன ஆலை என்று எதை எடுத்துக்கொண்டாலும், அதை அன்றாடம் ஓட்டுகிறவர்கள் ஒரு கூட்டம். பிரித்துப் பழுதுபார்க்கிறவர்கள் வேறு கூட்டம். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள். பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள். ஃபிட்டர், வெல்டர், பாரம் தூக்கி இறக்கும் ரிக்கர், சாரம் கட்டுகிறவர், இன்சுலேஷன் போடுகிறவர், டேங்க் கழுவுகிறவர், இவர்களுக்குக் கைகொடுக்கும் ஹெல்பர் எல்லாரும் இதில் அடக்கம். பழுதுபார்க்க ஆலையை நிறுத்திவைக்கும் பெரிய ஷட்டவுன் நடக்கும் வாரங்களில் ஆலைக்குள் இருப்பவர்களில் நிறுவன ஊழியர்களைவிட இவர்கள்தான் அதிகம்.

ஆலை ஓடும்போது ஆபத்தெல்லாம் குழாய்க்குள்ளும் கலனுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கிறது. பராமரிப்பு என்றால் அதைத் திறப்பது. ஃபிளேஞ்சை (இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தை) கழற்றுவது, மேன்ஹோலை (கலனுக்குள் ஆள் இறங்கும் வாயை) திறப்பது, உள்ளே இறங்குவது, பக்கத்தில் நெருப்பு வைத்து வெல்டிங் செய்வது எல்லாமே அந்த அடைப்பை உடைக்கும் வேலைகள். அந்தக் குழாய்க்குள் என்ன ஓடியது, எவ்வளவு அழுத்தம், எந்த வால்வு மூடினாலும் சொட்டும், எந்த டிரெயின் (மிச்சத்தை வடிக்கும் குழாய்) அடிக்கடி அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் ஆலையை ஓட்டுகிற ஆபரேட்டருக்குத் தெரியும். ஸ்பேனரோ நேற்று கேட் பாஸ் வாங்கி இன்று உள்ளே வந்த ஃபிட்டரின் கையில் இருக்கிறது. ஒருவர் தலையில் இருக்கும் தகவல் இன்னொருவர் கைக்குப் போய்ச்சேராத இடத்தில்தான் பல விபத்துகள் நடக்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு என்பது முதன்மையாக இந்தத் தகவலைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் அவசியம்தான். ஆனால் 20 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் இருபது மடங்கு) அழுத்தத்தில் வெளியே பீறிடும் எண்ணெய், எரிவாயு போன்ற ஹைட்ரோகார்பனை எந்த ஹெல்மெட்டும் தடுக்காது.

பாசடீனா, 1989

அமெரிக்காவில் ஹூஸ்டனை அடுத்த பாசடீனாவில் பிலிப்ஸ் நிறுவனத்தின் பாலிஎத்திலீன் ஆலை இருந்தது. அங்கே நீளமான குழாய்ச் சுற்று வடிவ ரியாக்டரில் (ரசாயன வினை நடக்கும் கலனில்) எத்திலீனும் ஐசோபியூட்டேனும் சுழன்றுகொண்டிருக்கும். உருவாகும் பிளாஸ்டிக் துகள்கள் அடியில் தொங்கும் கால் போன்ற குழாய்களில் வந்து படியும். அந்தக் கால்கள் அவ்வப்போது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் காலுக்கு மேலே உள்ள 8 அங்குல பால் வால்வை (துளையிட்ட உருண்டையைத் திருப்பி அடைக்கும் வால்வை) மூடிவிட்டு, அடிப்பாகத்தைக் கழற்றி, கட்டியைக் குடைந்தெடுப்பார்கள். ரியாக்டர் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். குடைகிறவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள்.

வேலை 1989 அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. மறுநாள் ஒரு காலில் கட்டியின் ஒரு பகுதி வந்துவிட்டது. மீதி வால்வுக்குக் கீழே சிக்கிக்கொண்டது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உதவி கேட்டுக் கண்ட்ரோல் ரூமுக்குப் போனார். சற்று நேரத்தில் அந்தக் கால் வழியாக வாயு பீறிட்டது. சுமார் 38 டன் எரிவாயுக் கலவை வெளியேறி, இரண்டே நிமிடத்துக்குள் பற்றி வெடித்தது. 23 பேர் இறந்தார்கள். காயமடைந்த 314 பேரில் 129 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

மூடியிருக்க வேண்டிய பால் வால்வு திறந்திருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. அந்த வால்வு காற்றழுத்தத்தில் இயங்குவது. பராமரிப்பு நேரத்தில் காற்றுக் குழாய்களைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். அவை மாட்டியே இருந்தன. அதிலும் திறக்கும் பக்கத்துக் குழாய் மூடும் பக்கத்திலும், மூடும் பக்கத்துக் குழாய் திறக்கும் பக்கத்திலும் இடம் மாறியிருந்தன. இரண்டு முனைகளும் ஒரே மாதிரி இருந்ததால் மாற்றி மாட்டினாலும் எளிதாகப் பொருந்தும். கண்ட்ரோல் ரூமில் “மூடு” என்று அமுக்கினால் வால்வு திறக்கும். வால்வை மூடிய நிலையில் பூட்டி வைக்கும் சாதனமும் போடப்படவில்லை. இப்படிப்பட்ட வேலைக்கு இரட்டை வால்வோ, குழாயை அடைக்கும் தகடான பிளைண்ட் ஃபிளேஞ்சோ வேண்டும் என்று நிறுவனத்தின் பொது விதியே சொல்லியிருந்தது. அந்த ஆலையின் உள்ளூர் நடைமுறையில் அது இல்லாமல் போயிருந்தது.

கட்டியைக் குடைந்த தொழிலாளியின் நிலையைப் பாருங்கள். அவர் தலைக்கு மேலே இருக்கும் ஒற்றை வால்வு உண்மையிலேயே மூடியிருக்கிறதா, காற்று துண்டிக்கப்பட்டதா, கட்டிக்கு அந்தப் பக்கம் என்ன அழுத்தம் என்பதில் எதையும் தன் கண்ணால் உறுதிசெய்ய அவருக்கு வழி இல்லை. அவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பயனில்லை.

இந்த விபத்தும் அந்தக் காலத்தில் நடந்த வேறு சில விபத்துகளும் சேர்ந்து, 1992-ல் அமெரிக்காவில் அபாயகர ரசாயன ஆலைகளுக்கான பாதுகாப்பு விதிமுறை வரக் காரணமாயின. அதில் ஒப்பந்ததாரர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஆளெடுக்கும் முன் ஒப்பந்ததாரரின் பாதுகாப்பு வரலாற்றைப் பார்ப்பது, வேலை செய்யும் இடத்தின் தீ, வெடிப்பு, நச்சு அபாயங்களை அவர்களுக்குச் சொல்வது, அவசரகாலத் திட்டத்தை விளக்குவது, உள்ளே வந்துபோகிறவர்களைக் கட்டுப்படுத்துவது, ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஏற்படும் காயங்களுக்குப் பதிவேடு வைப்பது எல்லாம் ஆலை உரிமையாளரின் கடமை என்று அது எழுதிவைத்தது. பயிற்சி கொடுப்பதும், அந்தப் பயிற்சி புரிந்ததா என்று பார்த்து எழுதிவைப்பதும் ஒப்பந்ததாரரின் கடமை.

இந்தியாவிலும் பொறுப்பு யாருடையது என்று சட்டம் தெளிவாகச் சொன்னது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 1976 திருத்தத்துக்குப் பின் “தொழிலாளி” என்பதற்குக் கொடுத்த வரையறையிலேயே, ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரும் அடக்கம். முதன்மை முதலாளிக்குத் தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் அவர் தொழிலாளிதான். “அவர் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்” என்று கைகழுவ அந்த வரையறை இடம் தரவில்லை.

ஒரு பம்பைக் கழற்றுவதற்கு முன்

நாள்தோறும் நடக்கும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹைட்ரோகார்பன் ஓடும் பம்பு ஒன்றின் சீல் கசிகிறது. பம்பைக் கழற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். காண்ட்ராக்ட் ஃபிட்டர் ஒருவரும் ஹெல்பர் ஒருவரும் வருகிறார்கள். அவர்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆலைத் தரப்பு செய்து முடித்திருக்க வேண்டியதைத்தான் ஐசொலேஷன் என்கிறோம்.

முதலில் மின்சாரம். ஸ்டாப் பட்டனை அமுக்கினால் மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். வேறு யாராவது ஸ்டார்ட் செய்தால் ஓடும், ஆட்டோவில் இருந்தால் தானாகவே ஓடும். சப்ஸ்டேஷனில் பிரேக்கரை வெளியே இழுத்துப் பூட்ட வேண்டும். அதன் பிறகு பம்பின் பக்கத்தில் இருக்கும் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால், பக்கத்து பம்பின் பிரேக்கரை மாற்றிப் பூட்டிய தவறு வெளியே தெரியாது. இது நடக்கிற தவறுதான். ஏ, பி என்று இரண்டு பம்புகள் அருகருகே இருக்கும் எல்லா இடத்திலும் நடக்கலாம்.

அடுத்து வால்வுகள். சக்‌ஷன், டிஸ்சார்ஜ் (பம்புக்குள் வரும் பக்கம், வெளியே போகும் பக்கம்) இரண்டையும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். மறந்துபோவது சின்னக் குழாய்கள். டிஸ்சார்ஜ் வால்வைச் சுற்றிப் போகும் வார்ம்-அப் லைன், சீலுக்கு வரும் ஃபிளஷ் லைன், மினிமம் ஃபிளோ லைன், வென்ட் லைன் இவற்றில் ஒன்று திறந்திருந்தாலும் பம்பு மறுபடி நிறையும். அதனால் நினைவை நம்பாமல், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பம்போடு சேரும் ஒவ்வொரு குழாயையும் நடந்து பார்த்து எண்ணவேண்டும்.

வால்வை மூடிவிட்டால் அடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய கேட் வால்வின் இருக்கையில் துருவும் படிவும் சேர்ந்து, சக்கரம் இறுகிய பிறகும் உள்ளே கசியும். கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இருபக்க வால்வுகளையும் மூடி, டிரெயின் வழியாக அழுத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, டிரெயினையும் மூடிவிட்டு, 10–15 நிமிடம் அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் மெல்ல ஏறினால் ஏதோ ஒரு வால்வு உள்ளே கசியவிடுகிறது. அந்த நிலையில் ஃபிளேஞ்சைத் தொடக்கூடாது.

முள் ஏறாமல் பூஜ்யத்திலேயே நின்றால்? இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். அழுத்தமானிக்குப் போகும் மெல்லிய குழாய் மெழுகாலோ துருவாலோ அடைத்திருந்தால், உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் முள் அசையாது. டிரெயினைத் திறந்தால் எதுவும் வரவில்லை என்பதும் அப்படித்தான். காலியாக இருக்கலாம், அடைத்தும் இருக்கலாம். டிரெயின் வழியில் தடை இல்லை என்று உறுதிசெய்தே ஆகவேண்டும். அதற்கென்று உள்ள கருவியால், வாய்க்கு நேரே நிற்காமல் குத்திப் பார்ப்பார்கள். அல்லது நீரோ நைட்ரஜனோ ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஃபிளேஞ்சைக் கழற்றும் முறை முக்கியம். ஃபிட்டர் தனக்கு எதிர்ப்பக்கத்துப் போல்டைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். அதுவும் நட்டை முழுதாகக் கழற்றாமல் ஓரிரு சுற்று மட்டும். மிச்ச அழுத்தம் இருந்தால் அந்தப் பக்கமாகச் சீறும், முகத்தில் அடிக்காது. சீறினால் உடனே திரும்ப இறுக்கவும் முடியும். எட்டு போல்டையும் கழற்றித் தரையில் வைத்துவிட்டு ஃபிளேஞ்சைச் சுத்தியால் தட்டித் திறக்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவசரத்தில் இருக்கும் ஆள் அப்படித்தான் செய்வார்; அந்த அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சின்ன வேலை, குறைந்த ஆபத்து என்றால் நன்றாக அடைக்கும் வால்வு போதும். கலனுக்குள் ஆள் இறங்கப்போகிறார், நச்சு வாயு இருக்கிறது, வேலை பல நாள் நீளும் என்றால் பிளைண்ட் போட்டே தீரவேண்டும், அல்லது குழாயின் ஒரு துண்டையே கழற்றி எடுத்துவிட வேண்டும். பிளைண்ட் என்பது இரண்டு ஃபிளேஞ்சுகளுக்கு நடுவில் செருகும் இரும்புத் தகடு. அந்தக் குழாயின் அழுத்தத்தைத் தாங்கும் கனம் அதற்கு இருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த மெல்லிய தகட்டை வட்டமாக வெட்டிச் செருகினால் அழுத்தம் வந்ததும் வளைந்து விடும். ஒவ்வொரு பிளைண்டுக்கும் எண், போட்டவர் கையெழுத்து, எடுத்தவர் கையெழுத்து என்று பட்டியல் வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளைண்ட் செருகுவதற்கே ஃபிளேஞ்சைத் திறக்கத்தான் வேண்டும். முழுப் பாதுகாப்பு வருவதற்கு முந்தைய அந்த சில நிமிடங்கள்தான் வேலையிலேயே ஆபத்தானவை. மூச்சுக்கருவி தேவைப்படும் இடமானால் அது தேவைப்படுவது அப்போதுதான்.

ஆளுக்கொரு பூட்டு

பல ஆலைகளில் பூட்டு ஆபரேட்டரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் மட்டும் இருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பூட்டு கொடுப்பதில்லை. “பூட்டியாச்சு, போய் வேலையைப் பாருங்க” என்ற வாய்வார்த்தைதான் அவருக்குக் கிடைக்கிறது. இது தவறு. யாருடைய கை உள்ளே இருக்கிறதோ அவருடைய பூட்டு வெளியே இருக்க வேண்டும், சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

முப்பது வால்வும் இருபது தொழிலாளியும் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வால்விலும் பூட்டுப் போட முடியாது. அதற்குப் பூட்டுப்பெட்டி இருக்கிறது. ஆலைத் தரப்பு எல்லா வால்வையும் பிரேக்கரையும் பூட்டி, அந்தச் சாவிகளை ஒரு பெட்டிக்குள் போடும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் பெட்டியின் மேல் தன் பூட்டைப் போடுவார். கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை சாவிகள் வெளியே வராது. பூட்டில் பெயரும் படமும் இருந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்த ஏற்பாடு விளங்கும். ஒரு பூட்டுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்க்குள்தான். ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பில் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் சொல்வோம்.

பெர்மிட் என்ற தாள்

பெர்மிட் டு ஒர்க் என்பது ஆலையை ஓட்டுகிறவர், வேலை செய்கிறவரிடம் எழுத்தில் கொடுக்கும் உறுதி. எந்தக் கருவி, என்ன வேலை, எப்படி ஐசொலேட் செய்யப்பட்டது, வாயுச் சோதனையில் என்ன வந்தது, எத்தனை மணி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கருவியின் டேக் எண்ணை (ஆலை அதற்குக் கொடுத்திருக்கும் அடையாள எண்ணை) துல்லியமாக எழுத வேண்டும். “டேங்க் பக்கத்து பம்பு” என்று எழுதினால் தவறான பம்பு கழற்றப்படும். திறக்கப்போகும் ஃபிளேஞ்சிலேயே ஆபரேட்டர் ஓர் அட்டையைக் கட்டிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கையெழுத்து மேஜையில் போடப்படும்போது பெர்மிட் வெறும் காகிதமாகிவிடுகிறது. காலை எட்டு மணிக்குக் கண்ட்ரோல் ரூம் வாசலில் நாற்பது சூப்பர்வைசர்கள் நிற்கிறார்கள், உள்ளே இரண்டு ஆபரேட்டர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால், யாரும் தளத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை என்பது கணக்கிலேயே தெரிகிறது. முந்தைய மாலையே மறுநாள் வேலைகளை வாங்கிப் பட்டியலிட்டு ஐசொலேஷனை இரவு ஷிஃப்டில் தொடங்குவதும், ஷட்டவுன் காலத்தில் பெர்மிட் கொடுக்க மட்டும் கூடுதல் ஆள் போடுவதும் இதற்கான தீர்வுகள். கையெழுத்து வாங்குகிறவர் சூப்பர்வைசராக இருந்தாலும், வேலை செய்யும் ஆட்கள் எல்லாரும் தளத்தில் நின்று ஆபரேட்டர் வாயால் ஒருமுறை கேட்டாக வேண்டும்.

ஷிஃப்ட் மாறும் நேரம் இன்னொரு பலவீனம். வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று, ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வை ஒப்பந்தத் தொழிலாளர்கள் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்த முனையில் பிளைண்ட் ஃபிளேஞ்ச் மாட்டிவிட்டுப் போனார்கள். பம்புக்கு ஒரு பெர்மிட், வால்வுக்கு வேறு பெர்மிட். ஒன்றில் மற்றொன்றைப் பற்றிக் குறிப்பில்லை. இரவு மற்ற பம்பு நின்றபோது, இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு வால்வு இல்லாத விஷயம் தெரியவில்லை. இந்தப் பம்பை இயக்கினார்கள். சரியாக இறுக்கப்படாத பிளைண்ட் வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பெர்மிட் முறையில் முறையான பயிற்சியே தரப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. ஆகவே முடியாத வேலையின் பெர்மிட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. நேரில் சொல்லி, வரும் ஷிஃப்டின் கையெழுத்தை வாங்க வேண்டும். ஒரே கருவியைத் தொடும் பெர்மிட்டுகள் எல்லாவற்றிலும் மற்றவற்றின் எண் இருக்க வேண்டும்.

மேன்ஹோலுக்கு அருகில்

கலனுக்குள் இறங்கும் வேலை கிட்டத்தட்ட முழுக்க ஒப்பந்தத் தொழிலாளருடையது. இங்கே கண்ணுக்கும் மூக்குக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் முதல் பாடம்.

நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். தீப்பிடிக்காமல் இருக்க ரியாக்டருக்குள் அதை நிரப்பி வைப்பார்கள். ஆக்சிஜன் மிகக் குறைந்த அந்த இடத்தில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாயலாம். மூச்சு முட்டுவது போன்ற உணர்வுகூட வராது. 2005 நவம்பரில் அமெரிக்காவின் டெலவேர் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில், நைட்ரஜன் நிரம்பிய ரியாக்டரின் மேல்வாய்க்கு அருகே ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு டேப் சுருள் கிடந்தது. அதை எடுக்க முயன்ற ஒருவர் உள்ளே போய் விழுந்தார். அவரைக் காப்பாற்ற இறங்கிய ஃபோர்மேனும் இறந்தார். வாயின் அருகே நைட்ரஜன் எச்சரிக்கைப் பலகை இல்லை. உள்ளே இறங்குவது அன்று அவர்கள் வேலையே இல்லை.

காப்பாற்றப் போனவர் இறப்பது இந்த வகை விபத்தின் நிரந்தர அம்சம். மூடிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-லேயே எச்சரித்தது. நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி இறக்கும் செய்திகள் எல்லாம் இதே கதைதான். அதனால் மேன்ஹோல் வாயில் நிற்பவரின் முதல் விதி, உள்ளே போகாதே என்பது. அவருக்கு வேறு எந்த வேலையும் தரக்கூடாது, டீ வாங்க அனுப்பக்கூடாது. உள்ளே இருப்பவரின் உடலில் பெல்ட்டும் கயிறும், மேலே மூன்றுகால் தாங்கியும் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சும் இருந்தால், வெளியே நின்றபடியே இழுத்துவிடலாம். 1948 சட்டத்தின் 36-வது பிரிவே பெல்ட்டையும் கயிற்றையும் சொன்னது. போதிய பாதுகாப்புச் சாதனம் இல்லாவிட்டால், உள்ளே கொண்டுபோகும் விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது.

வாயுச் சோதனையில் வரிசை முக்கியம். முதலில் ஆக்சிஜன், பிறகு எரிவாயு, பிறகு நச்சு வாயு. காரணம் இருக்கிறது. எரிவாயுவை அளக்கும் சாதாரண சென்சார், உள்ளே வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் எரியாது. எரிவாயு நிரம்பியிருந்தாலும் பூஜ்யம் காட்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அடுத்த எண்ணை நம்பலாம். எரிவாயு, வெடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நெருப்பு வேலை என்றால் பூஜ்யமாகவே இருக்க வேண்டும் என்று பல ஆலைகள் வைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை மணத்தைத் தரும் என்று எல்லாருக்கும் தெரியும். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவில் அது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. மணம் போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

மேன்ஹோலின் வாயில் மட்டும் அளந்தால் போதாது. மேலே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். குழாய் வழியாக உறிஞ்சும் கருவியானால், வாயு குழாயைக் கடந்து வரும்வரை காத்திருந்து பிறகுதான் எண்ணைப் படிக்க வேண்டும். காலையில் எடுத்த எண் மதியச் சாப்பாட்டுக்குப் பின் செல்லாது. அடியில் கிடக்கும் கசடைக் கிளறியதும் அதில் சிக்கியிருந்த வாயு வெளியேறும். ஆள் உள்ளே இருக்கும்வரை ஒரு கருவி அவர் சட்டையிலேயே ஓடிக்கொண்டிருப்பது நல்லது.

வேலைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்

2005 மார்ச் 23 அன்று டெக்சஸ் சிட்டியில் பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு யூனிட்டைத் திரும்பத் தொடங்கும்போது வெடித்தது. இறந்த 15 பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேறொரு யூனிட்டின் ஷட்டவுன் வேலைக்கு வந்து, பக்கத்தில் தற்காலிக டிரெய்லர் அறைகளிலும் அதைச் சுற்றியும் இருந்தவர்கள். பக்கத்து யூனிட் ஓடத் தொடங்குகிறது என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

ஒப்பந்தத் தொழிலாளரின் ஷெட், சாப்பிடும் இடம், கருவி வைக்கும் கண்டெய்னர் எல்லாம் காலியாக இருக்கும் இடத்தில் வைக்கப்படுகின்றன. அந்த இடம் ஏன் காலியாக விடப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். யூனிட்டை நிறுத்தும்போதும் தொடங்கும்போதும், தேவையில்லாத ஒவ்வொருவரையும் அப்பகுதியிலிருந்து வெளியேற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே, ஜூலை மாதங்களில் கொதிகலன் பகுதியில் அடுத்தடுத்து நடந்த விபத்துகளில் இறந்தவர்களிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

புரிந்ததா என்று எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டு ஆலைகளின் ஷட்டவுனுக்கு பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பெர்மிட் ஆங்கிலத்தில், ஆபரேட்டர் பேசுவது தமிழில், ஃபிட்டருக்குத் தெரிந்தது போஜ்புரி. கேட்டருகே அரைமணி நேரம் வீடியோ போட்டு, கடைசியில் கையெழுத்து வாங்கினால் அது பயிற்சி ஆகாது. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், வேலை போய்விடும் என்ற பயம் இருக்கிறது. செய்துகாட்டச் சொல்ல வேண்டும். சைரன் ஒலித்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டு, காற்றின் திசையைக் காட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்றுக்குக் குறுக்காக நடந்து, கூடும் இடத்துக்கு அவரே போய்க்காட்ட வேண்டும். மூச்சுக்கருவியை அவரே மாட்டிக்காட்ட வேண்டும். புதியவர்களின் ஹெல்மெட்டுக்கு வேறு நிறம் கொடுத்து, முதல் சில வாரங்கள் அனுபவசாலி ஒருவரோடு மட்டும் விடுவது பல இடங்களில் பலன் தந்திருக்கிறது.

காசும் நேரமும்

போல்டை முழுதாகக் கழற்றிவிட்டுச் சுத்தியால் தட்டிய அந்த அவசரத்துக்கு வருவோம். அது ஒப்பந்தத்தில் பிறக்கிறது. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. அவர் அதைத் துணை ஒப்பந்ததாரரிடம் கொடுக்கிறார். அவர் மேஸ்திரியிடம் ஆள் வாங்குகிறார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழிகிறது. கடைசியில் கழிக்க மிச்சமிருப்பது பயிற்சியும், பாதுகாப்புக் கருவியும், ஓய்வும்தான். அதோடு, பெர்மிட்டுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தால் அந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்றால், எந்த ஃபிட்டரும் வால்வு கசிகிறதா என்று பதினைந்து நிமிடம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

உரிமையாளர் டெண்டரிலேயே இதைச் சரிசெய்யலாம். பாதுகாப்புச் செலவைத் தனி வரியாகப் பிரித்து, அதில் போட்டி விலைக்கு இடமில்லை என்று எழுதலாம். ஒப்பந்தச் சங்கிலி இத்தனை படிக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைக்கலாம். பெர்மிட்டுக்காகக் காத்திருந்த நேரத்துக்கும், ஆபத்து என்று தொழிலாளி நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுதலாம். இந்தக் கடைசி வரி இல்லாமல் “ஆபத்தென்றால் வேலையை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு” என்று பலகை மாட்டுவதில் பயனில்லை. தினக்கூலிக்காரர் நிறுத்தினால் இழப்பது தன் வீட்டுச் சாப்பாட்டை. ஷட்டவுன் நாட்களில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டைத் தொடர்ந்து இழுப்பதும் இதே ஒப்பந்தத்தில் தடுக்கப்பட வேண்டியது; களைத்த கண் டேக் எண்ணைத் தவறாகப் படிக்கும்.

“விபத்தே இல்லாத நாட்கள்” என்று எண்ணிப் பரிசு கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. பரிசு போய்விடும் என்று காயத்தை மறைப்பார்கள். அடிபட்டவரைப் பின்வாசல் வழியாக வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கையில் சின்னச் சிராய்ப்போடு முடிந்த கசிவு பதிவாகாமல் போனால், அதே ஃபிளேஞ்சில் அடுத்த முறை என்ன நடக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒப்பந்தத் தொழிலாளியின் ஒவ்வொரு காயமும், காயமில்லாமல் தப்பிய ஒவ்வொரு சம்பவமும் ஆலையின் சொந்தப் பதிவேட்டிலேயே ஏற வேண்டும். யார் ஆள் என்ற கட்டம் அந்தப் பதிவேட்டில் இருக்கலாம். ஆனால் விசாரிக்கும் முறையும் சரிசெய்யும் கெடுவும் நிறுவன ஊழியருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதை ஒப்பந்ததாரர்களின் சூப்பர்வைசர்களோடு உட்கார்ந்து படித்து, எந்த வால்வு விடுகிறது, எந்த டிரெயின் அடைத்தது என்பதை அடுத்த வாரப் பெர்மிட்டுகளில் எழுத வேண்டும்.